கிளிக்கு ஜோடி பார்த்த வருஷம்

கூண்டுக் கம்பியைக் கிளி அலகால் இழுத்து விட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம் எழும். "கல்லக்கா" தீர்ந்துவிட்டது, யாராவது வந்து கவனியுங்கள் என்று அதற்கு அர்த்தம். நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பென்னாகரம் சாலையோரம் இருந்த எங்கள் ஓட்டு வீட்டில் என் சிறுவயதுக் காலைகள் அந்தச் சத்தத்தில்தான் விடிந்தன. அப்பா லாரி ஓட்டுநர். ஒகேனக்கல் போகிற வழியில் யாரோ மரப்பொந்திலிருந்து எடுத்து விற்ற குஞ்சைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தவர் அவர்தான். ஜோடியாக எடுத்துக்கொள்ளச் சொன்னானாம் விற்றவன். இரண்டாக வளர்த்தால் அவை தமக்குள்ளேயே பேசிக்கொள்ளும், மனுஷப் பேச்சு வராது என்று அப்பா ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியூர் நடை போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பும் அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "சாந்தி, தண்ணி வெச்சியா?" என்று கேட்பார். குளிக்கச் சுடுதண்ணீர் கேட்கிறார் என்று பொருள். சாந்தி என் அம்மா. பெண்டாட்டியிடம் பிரியத்தை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. அப்பாவுக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதைக் கிளி பிடித்துக்கொண்டது. சாலையில் எந்த லாரி போனாலும் அதே கேள்வியைக் கேட்கும். அப்பா வீட்டில் இருக்கிற நாட்களில் அவர் தோளை விட்டு இறங்காமல் காது மடலைக் கோதிக்கொண்டே இருக்கும். நான் கிட்டே போனால் கடிதான்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அப்பாவின் லாரி கவிழ்ந்தது. அதைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த சாயங்காலம் சாலையில் ஏதோ ஒரு லாரி போக, கிளி வழக்கம்போலக் கேட்டது. அம்மா எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். அண்டாவில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கருமாதி முடிந்த வீட்டில் செத்தவர் குரல் கேட்கக் கூடாது, கேட்டால் போன உயிர் போகமாட்டாமல் வாசற்படியிலேயே நிற்கும் என்பது அப்பாவின் அக்காவுக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, அசைக்க முடியாத நம்பிக்கை. இறக்கை வெட்டிய கிளியை வெளியே விட்டால் பூனைக்குத்தான் ஆகும். ஆகவே ஒரு ஜோடியைப் பிடித்துக் கூண்டில் விட்டுவிடலாம், பேச்சு தானாக மறந்துவிடும் என்று யோசனை சொன்னார். துக்க வீட்டில் யோசனைக்கு மட்டும் பஞ்சமே இருப்பதில்லை. அம்மா முடியாது என்றாள். அப்பாவின் முகம் கல்யாணப் போட்டோவில் இருந்தது. அவர் குரல் அந்தக் கூண்டில் மட்டும்தான் இருந்தது. டேப் ரெக்கார்டரோ கைபேசியோ எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திராத காலம் அது.

அத்தை விடவில்லை. அடுத்த முறை வந்தபோது வேறு விதமாக ஆரம்பித்தார். "ஒண்டியா கெடக்கறது பாவம் இல்லியா சாந்தி? வாயில்லாத சீவன், அதுக்கும் ஒரு தொணை வேணாமா?"

அம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "கிளிக்காவது தொணை வேணும்னு உங்களுக்குத் தோணுதுங்களே, அண்ணி" என்றாள்.

அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. அத்தை கெட்டவர் அல்ல. அந்த வருஷம் எங்கள் வீட்டுக் கேழ்வரகு அவர் காட்டில் விளைந்ததுதான். அம்மாவின் நெற்றிப் பொட்டை அழித்ததும் அவர் கைதான். அன்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனவர், அதன் பிறகு கிளியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

ஆனால் கிளி தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கியிருந்தது. தினமும் கூண்டைக் கூட்டும்போது பச்சைப் பச்சையாக வந்தது. நெஞ்சில் தோல் தெரிந்தது. கொய்யாப் பழத்தைக்கூட ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போட்டுவிடும். லாரி போகும்போது மட்டும் நிமிர்ந்து அப்பாவின் கேள்வியைக் கேட்டுவிட்டு, வாசல் பக்கம் தலையைத் திருப்பி, சத்தம் தேய்ந்து மறைகிற வரை அசையாமல் இருக்கும். அம்மா சில நாட்கள் கூண்டருகே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அது என்னயக் கூப்புடலடி. அவரத்தான் கூப்புடுது. இப்பிடிக் கேட்டா வந்துருவாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்குது."

மறுநாள் அவளே அத்தை வீட்டுக்கு நடந்துபோய், கிளிக்கு ஜோடி பார்க்கச் சொன்னாள். நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்தேன். அம்மா என்னைத் திட்டவுமில்லை, சமாதானப்படுத்தவுமில்லை.

வந்தது கழுத்தில் ஆரம் இல்லாத பெட்டைக் கிளி. ஒரு வாரம் இரண்டும் கூண்டைக் கலக்கிச் சண்டை போட்டன. பிறகு ஒரே குச்சியில் ஒட்டி உட்கார்ந்தன, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிட்டன. நெஞ்சில் புதிய இறகு முளைத்தது. பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக எந்த நாளில் அது அம்மாவின் பெயரைச் சொன்னது என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகும் வெகுகாலம், லாரிச் சத்தம் கேட்டால் அம்மா கைவேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பாள். அந்தப் பக்கம் கிளிகள் இரண்டும் தங்கள் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது கிளி வளர்த்தால் வனத்துறை வழக்குப் போடும். நியாயம்தான், பொந்திலிருந்து குஞ்சைத் திருடுவது திருட்டுதானே. எங்கள் தெருவில் இன்று ஒரு கூண்டுகூட இல்லை. சாலையில் லாரிகள் மட்டும் முன்பைவிட வேகமாகப் போகின்றன. என் மகள் மழலை பேசியதெல்லாம் என் கைபேசியில் பத்திரமாக இருக்கிறது. போன மாதம் அவள், தாத்தா எப்படிப் பேசுவார் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, மெலிந்து கீச்சென்ற ஒரு குரலில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் காட்டினாள். மகள் சிரித்தாள். அப்பாவுக்குக் கட்டைக் குரல், நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்று அவரோடு லாரியில் போனவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

"இப்பிடித்தான் கூப்புடுவாரு" என்றாள் அம்மா. இல்லை என்று சொல்வதற்கு என்னிடமும் வேறு குரல் இல்லை.