சஷ்டி நாளில் குடித்த வேர்ச்சூப்

ஆட்டெலும்போடு ஒரு காட்டு வேர் கொதிக்கும் மணம், லேசான கசப்பும் மருந்து வாசமுமாக, லண்டனின் கிழக்கே பார்க்கிங் என்ற ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த கவுன்சில் கட்டடத்தின் படிகளில் ஏறும்போதே என் பசியைக் கிளறிவிடும்.

எதிர்வீட்டு எஸ்தர் அன்ரி கென்யாக்காரி. ஊரிலிருந்து யாராவது வந்தால் அவருக்கு ஒரு முட்செடியின் காய்ந்த பழங்களும் வேர்த்துண்டுகளும் வந்துசேரும். பழத்தைச் சும்மா மெல்லலாம், வேரை இறைச்சிச் சூப்பில் போட்டு அவிப்பார். முதன்முதலில் அந்தப் பழத்தை வாயில் போட்ட அம்மா, "இது எங்கடை 'கிளாக்காய்' எல்லோ!" என்று சின்னப்பிள்ளைபோலத் துள்ளினார். அரைகுறை ஆங்கிலத்திலேயே இருவரும் சிநேகிதிகளானார்கள். லண்டனில் அம்மாவுக்கு வேறு சிநேகிதி இருக்கவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வரும்வரை நான் அன்ரி வீட்டில்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த அப்பா வந்துசேர வேண்டுமென்று அம்மா கந்தசஷ்டி விரதம் பிடித்தார். "ஆறு நாளும் 'மச்சம்' தொடப்படாது, இறைச்சி மீன் ஒண்டும் வேண்டாம், விளங்கிச்சோ?" என்று என்னிடம் சொன்னதோடு நில்லாமல், அன்ரியிடமும் சொல்லிவைத்தார். அன்ரி எனக்கென்று பாணும் வாழைப்பழமும் எடுத்துவைத்தார்.

நாலாம் நாள் நல்ல மழை, குளிரில் நடுங்கிக்கொண்டு போனேன். அடுப்பில் சூப் கொதித்தது. கேட்டேன். "அம்மா வேண்டாம் என்றாரே?" என்று அன்ரி தயங்கினார். விரதம் நேற்றோடு முடிந்துவிட்டது என்று கூசாமல் சொல்லிவிட்டு, இரண்டு கோப்பை குடித்தேன்.

அன்று மாலை என் கோட்டைக் கழற்றிய அம்மாவுக்கு மணம் பிடிபட்டுவிட்டது. "என்னடி குடிச்சனி?"

"அன்ரிதான் குடி குடி எண்டு தந்தவ."

அம்மா அழுதுகொண்டே போய் எதிர்க்கதவைத் தட்டினார். "என்ரை மனுசனுக்காகப் பிடிச்ச விரதம்" என்று பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கத்தினார். அன்ரி அம்மாவின் தோளுக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பிழை என்னுடையதுதான், சகோதரி" என்றார் அன்ரி.

அதன்பிறகு அம்மா என் கையில் எங்கள் வீட்டுச் சாவி ஒன்றைத் தந்தார்; அவர் வரும்வரை நான் தனியே இருந்தேன். படிகளில் அன்ரியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுத்த ஆண்டு அப்பா வந்துவிட்டார். அன்ரி வீடு மாறிப் போனதை, அந்தக் கதவில் வேறு ஆள் நின்றபோதுதான் அறிந்தோம்.

இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. இடித்துவிட்டுக் கண்ணாடி அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். அம்மா என்னோடு மோர்டனில் இருக்கிறார். போன மாதம் வீட்டுக்கு வந்த மச்சாள், தன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

"கவனம் பிள்ளை," என்றார் அம்மா. "எங்கடை முன்வீட்டு மனிசி ஒருத்தி, சஷ்டியெண்டு தெரிஞ்சும் இவளுக்கு இறைச்சிச் சூப் பருக்கினவ."

மச்சாள் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஓம், அப்படித்தான் என்று தலையாட்டினேன்.