இஸ்மேனியா சொல்ல மறுத்த பதில்

வால்பரைசோ துறைமுக நகரில் தீயணைக்கப் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதாமாதம் சந்தா வேறு கட்ட வேண்டும். மீன் அங்காடியில் செதில் சீவும் இஸ்மேனியா தாப்பியா பதினாறு வருஷமாகக் கட்டிவந்தாள்.

ஆண்டுக் கூட்டத்தில் முதலில் இறந்தவர்களின் பெயரைத்தான் அழைப்பார்கள். குழுவில் ஒருவர் எழுந்து, "கடமையில் உயிர் தந்தார்" என்று சொல்ல வேண்டும். தீயணைக்கப் போய் இறந்த தம்பிக்காகச் சொல்வது அவள் பொறுப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேப்டன் லியாந்த்ரோ அழைத்தார்: "அன்செல்மோ தாப்பியா!"

"குழாய்ல தண்ணி வரல. அதனால செத்தான்."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன.

"ஒழுங்காச் சொல்லு, இஸ்மேனியா."

"ஒழுங்காத்தான் சொல்றேன். எரியிற வீட்டுக்குள்ள யாரும் இல்லன்னு அவனுக்குத் தெரியும். தெருவே நின்னு பாத்துச்சு. தலையில அப்பாவோட ஹெல்மெட்டு. திரும்பி வர வெக்கப்பட்டு உள்ள போனான்."

"கூடப் பொறந்தவனையே கோழைங்கிறியா?" பம்பு ஓட்டும் ரூப்பெர்தோ எகிறினார்.

"கோழையா இருந்திருந்தா இந்நேரம் உங்க வழுக்கையக் கிண்டல் பண்ணிட்டு இங்க உக்காந்திருப்பான், அண்ணே."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கேப்டன் சிரிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம் போட்டுக் கூப்பிடுவேன். சரியாச் சொல்லு. இல்லன்னா ஹெல்மெட்ட வச்சிட்டுப் போ."

வியாழன் மதியம் சைரன் ஒலித்தது. வேலை நாள். வண்டியில் நாலே பேர். கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவளைக் கேப்டன் தடுக்கவில்லை.

மலை உச்சியில் மரவீடு. பின்கட்டு எரிந்தது. முன்னறையில் ஊன்றுகோலோடு நடக்கும் தையல்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார். இஸ்மேனியா குழாயின் முனையைப் பிடித்து வாசலில் நின்றாள். தண்ணீர் வராமல் குழாய் துவண்டு கிடந்தது.

"போம்மா உள்ள! என்ன பாத்துட்டு நிக்கிறே?" பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். "பயமா?"

"ஆமா, பயம்தான்! கத்துறத விட்டுட்டு அந்தத் தெருக்குழாய் வால்வத் திருகுங்க!"

உள்ளே இருமல் கேட்டது. அவள் கால் தானாகவே வாசற்படியில் ஏறியது. மொத்தத் தெருவின் கண்ணும் முதுகில் அழுத்தியது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தம்பி இதைத்தான் செய்ய முடியாமல் போனான். நாலைந்து பேர் ஓடிப்போய் வால்வில் தொங்கினார்கள். குழாய் கைக்குள் விறைத்தது. அப்புறம்தான் உள்ளே போனாள்.

தையல்காரரை முதுகில் சுமந்து வெளியே வந்தாள். புருவம் கருகியிருந்தது.

கேப்டன் தண்ணீர்க் குப்பியை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறே?"

குடித்து முடித்து வாயைத் துடைத்தாள்.

"அதேதான், கேப்டன். இன்னும் கொஞ்சம் சத்தமா."