தீக்குருவியின் கடைசி வாரம்

மாரிசெல்விக்குக் கோபம் வந்தால் டிவி ரிமோட்டை ஒளித்து வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது சுவரில்தான் போய் விழும். அவள் வீட்டுக்காரர் கருப்பணன் இதைக் கற்றுக்கொண்டு பல மாதம் ஆகிறது. கோபம் அவர்மேல் இல்லை, ‘தீக்குருவி’ தொடர்மேல்.

அச்சங்குளத்தில் எங்கள் தெருவில் அந்தத் தொடரைப் பார்க்காத வீடே கிடையாது. பட்டாசு ஆலை விபத்தில் தாயைப் பறிகொடுத்த தாரணி என்ற பெண்ணுக்கு, நெருப்பைக் கையில் பிடிக்கிற சக்தி வந்துவிடுகிறது. அநியாயக்காரர்களைப் பறந்து பறந்து பிடிப்பாள். அம்மாவைக் கொன்ற விபத்துக்கு யார் காரணம் என்றும் தேடிக்கொண்டே இருப்பாள். ஆலைக்காரி பிள்ளையைப் பறக்கவிட்ட தொடர் வேறு எது இருக்கிறது? நானும் மாரிசெல்வியும் ஒரே கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறோம். புஸ்வாணத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே முந்தின நாள் கதையை அவள் சொல்வாள். பார்த்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். டிவியைவிட அவள் சொல்வதில்தான் ருசி.

தொடர் முடியப்போகிறது என்று சொன்னாலும் சொன்னார்கள், கூத்து தொடங்கிவிட்டது. வில்லனான ஆலை முதலாளியாக நடித்தவர் விலகிப் போக, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்தைப் போட்டு ஒரு ஒல்லிப்பிச்சானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தாரணியின் கல்யாணம் மூன்று வாரம் ஓடியது. அவள் பறப்பதைக் காட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்து, “இப்போதுதான் பறந்து வந்தேன்” என்கிறாள்.

“ஒத்த முடி கலையல பாத்தியா பொன்னுத்தங்கம்? சாத்தூருக்கு பஸ்ல போயிட்டு வந்தாலே நம்ம தலை எப்படி ஆகுது!” என்று மாரிசெல்வி என்னிடம் கேட்பாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு திங்கட்கிழமையோடு போயிற்று. அன்றைக்குத்தான் தாரணி உண்மையைக் கண்டுபிடித்தாள். விபத்துக்குக் காரணம் முதலாளி இல்லையாம், தாரணியின் அம்மாதானாம். வெடிமருந்து கையாளுகிற மருந்து ரூமுக்குள் செல்போனை ஒளித்துக் கொண்டுபோய்ப் பேசினாளாம். இத்தனை நாள் முதலாளியின் திருட்டுத்தனத்தை விதவிதமாகக் காட்டிவிட்டு, இப்போது அவரை நல்லவராக்கிக் கண்ணீர்விட வைத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மருந்து ரூமுக்குப் போகிறவள் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு, வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். உயிர் எங்களுக்கும் வெல்லம்தான்.

மாரிசெல்விக்கு இது வெறும் கதை இல்லை. அவளுடைய அக்கா மாடத்தி இப்படி ஒரு விபத்தில்தான் செத்துப்போனாள். அந்தத் தீபாவளி சீசனுக்கு ஆர்டர் குவிந்து, நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் பத்துப் பேரை உட்கார வைத்திருந்தார்கள். பேப்பரில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று போட்டார்கள். எங்கே வெடித்தாலும் எங்களுக்கென்று அந்த ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். செத்தவளா எழுந்துவந்து இல்லை என்று சொல்லப்போகிறாள்?

மாடத்தியின் மகள் ஆர்த்தியை மாரிசெல்விதான் வளர்க்கிறாள். அந்தத் திங்கட்கிழமை தொடர் முடிந்ததும் அந்தப் பிள்ளை கேட்டது: “சித்தி, எங்கம்மாவும் இப்படித்தான் ஏதாச்சும் பண்ணிருச்சா?”

மறுநாள் பேக்கிங்கில் மாரிசெல்வி கதை சொல்லவில்லை. “நான் இல்லன்னு சொன்னா, டிவில காட்டுனாகளேங்கிறா. அந்தப் பிள்ள மனசுல இது தங்கிருச்சுன்னா நான் என்ன செய்வேன்?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த வாரமே சேனல்காரர்கள் சிவகாசியில் ஒரு மண்டபம் பிடித்து ரசிகர் விழா வைத்தார்கள். கேள்விப் போட்டியில் ஜெயிக்கிறவர் பேசுவதைக் கடைசி நாள் தொடரோடு காட்டுவார்களாம். மாரிசெல்வி போகிறேன் என்றாள்.

“அம்புட்டுத் திட்டுத் திட்டிட்டு இப்ப எதுக்குப் போற?” என்றார் கருப்பணன்.

“திட்டத்தான் போறேன்.”

தெருப் பெண்கள் எல்லாரும் வேன் பிடித்துக்கொண்டு போனோம். ஆர்த்தியும் வந்தாள். போட்டியில் மாரிசெல்வியை எவளும் நெருங்க முடியவில்லை. தாரணி வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பேர் என்ன என்பதுவரை சொன்னாள். மேடையில் நின்ற தொகுப்பாளினி பிரீத்திகா மைக்கைக் கொடுத்து, “அக்கா, கேமராவைப் பார்த்து, ‘வெள்ளிக்கிழமை தீக்குருவி, காணத் தவறாதீர்கள்’னு சொல்லுங்க” என்றாள்.

மாரிசெல்வி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“எங்கக்கா பேரு மாடத்தி. அவ போனு கொண்டு போகல. கை தவறல. நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல பத்துப் பேர வச்சாக. எங்கக்கா மேல தப்பு இல்ல.”

பிரீத்திகா சிரித்த முகம் மாறாமல் மைக்குக்குக் கையை நீட்டினாள். மாரிசெல்வி கொடுக்கவில்லை. கேமராக்காரரைப் பார்த்து, “இன்னொருக்கச் சொல்லுதேன், நல்லாப் பிடிச்சுக்கோங்க” என்று சொல்லி, முதலிலிருந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மண்டபத்தில் பாதிக்குமேல் ஆலைப் பெண்கள். கைதட்டு அடங்க வெகுநேரம் ஆனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் மாரிசெல்வி வீட்டில் கூடிவிட்டோம். தாரணி முதலாளியின் காலில் விழுந்து, அம்மா செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்டாள். சக்தி வேண்டாமென்று அருவியில் கரைத்துவிட்டுப் புருஷனோடு காரில் ஏறினாள். அதற்குப் பிறகு ரசிகர்களைக் காட்டினார்கள்.

மாரிசெல்வியின் முகம் வந்தது. குரல் வரவில்லை. அதன்மேல் தொடரின் பாட்டைப் போட்டுவிட்டார்கள். கீழே, ‘தீக்குருவி என் உயிர் - மாரிசெல்வி, அச்சங்குளம்’ என்று எழுத்து ஓடியது.

“அடப் பாவிகளா!” என்று கத்திவிட்டேன். கருப்பணன் டிவியை அணைக்க எழுந்தார். மாரிசெல்வி தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

“அணைக்காதீக சித்தப்பா” என்றாள் ஆர்த்தி. எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்து நின்றாள். திரையில் மாரிசெல்வியின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பாட்டுக்கு மேலே கேட்கும்படி ஆர்த்தி சத்தமாகச் சொன்னாள்:

“எங்கம்மா பேரு மாடத்தி. எங்கம்மா மேல தப்பு இல்ல.”