இறகுகளை நிமிர்த்தி வைத்தவர்கள்

"கார்ட்டூனில ஆராயிறதுக்கு என்ன பிள்ளை இருக்கு?" என்று என் விரிவுரையாளர் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் 'பிள்ளை' என்றால் கோபம் இல்லை, நம்பிக்கைதான் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்கு நான் கேட்டிருந்தது ஒரு சூப்பர்ஹீரோ கார்ட்டூன் தொடரின் முதல் சீசனில் வரும் கடைசி எபிசோடை. செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று இருபது நிமிடம் பேசி அவரை ஒப்புக்கொள்ள வைத்தால் தலைப்பு எனக்கு. தவறினால் பழைய பத்திரிகைத் தலையங்கங்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சொல்வார்கள். கொஞ்சமில்லை, நிறையவே அதிகம்.

கதை இதுதான். மலையுச்சியில் ஒரு நகரம். அதற்கு மேலே வானத்தில் ஒரு வெடிப்பு. தினமும் விடியற்காலையில் தலைவன் முற்றத்தில் நின்று பேர் கூப்பிடுவான். கூப்பிட்டவர் பதில் சொல்லிவிட்டு, முதுகில் இரும்பு இறகை மாட்டிக்கொண்டு வெடிப்பைக் காக்கப் பறக்க வேண்டும். ஒருநாள் காவலுக்குப் பறந்த ஒரு பெண் அந்த வெடிப்பில் விழுந்து சாகிறாள். மறுநாள், வெடிப்பு அப்படியே இருக்க, அதே இடத்துக்குப் போகத் தலைவன் பேர் கூப்பிடுகிறான். கதாநாயகி பதில் சொல்லவில்லை. அவள் முகத்தோடு சீசன் முடிகிறது.

இணையத்தில் மாதக்கணக்காக அடிதடி. அவள் செத்துவிட்டாள், நிற்பது ஆவி என்றார்கள் சிலர். அவளுடைய இரட்டைச் சகோதரி என்றார்கள் வேறு சிலர். துயரத்தில் குரலை இழந்துவிட்டாள் என்பது என் கட்சி. அதைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதியிருந்தேன்.

ஒத்திகை பார்க்க ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனைக்கு வீட்டுக்குப் போனேன். அம்மாவும், லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் சித்தியும் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள். அன்று இருவருக்கும் லீவு. கட்டிலில் என்னை நடுவில் உட்காரவைத்து போனைப் பார்த்தார்கள். தகரத்தில் மழை கொட்டியதால் வசனம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது இங்கிலீஷ். நானே விளக்கிக்கொண்டு வந்தேன்.

"இவளுக்கு ரெக்கை யாருடி குடுத்தது, கம்பெனியா?" என்றார் சித்தி.

"அது குறியீடு சித்தி."

"சரி, குறியீட்டை யாரு குடுத்தது?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடுறீங்களா?" என்றார் அம்மா. "படம் ஓடுதுல்ல."

முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "இப்ப பாருங்கம்மா, துக்கத்துல அவளுக்குப் பேச்சு வரல..."

"ஏன் வராம?" என்றார் அம்மா. "பேசக் கூடாதுன்னு நிக்கிறா. அன்னைக்குப் பெரட்டுல நாங்க நின்னோமே, அது மாதிரி."

பெரட்டு என்பது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில், ஒரு மலையில் குளவி கொட்டி ஐந்து பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கூட்டைக் கலைக்காமலேயே மறுநாளும் அந்த மலைக்குப் போகச் சொன்னார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு. பேர் கூப்பிடக் கூப்பிட ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். கூடு கலையும் வரை அப்படியே நின்றார்களாம்.

"அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? பின்னால பாரு," என்றார் அம்மா.

பதினொரு தடவை பார்த்த காட்சி அது. கதாநாயகிக்குப் பின்னால், மங்கலாக, மற்றவர்களும் நின்றார்கள். ஒருவர் முதுகிலும் இறகு இல்லை. எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன.

"அப்ப வேலைய விட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சித்தி சிரித்ததில் கட்டில் ஆடியது. "கேம்பஸ்ல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா? விட்டுட்டுப் போறவ கூடைய கவுத்துட்டுப் போவா. இது நிமித்தி வச்சிருக்குல்ல? கேட்டது கெடச்சா மறுபடியும் தூக்கத்தான்."

அன்றைக்கே பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்தேன். என் பேர் போட்ட முகப்புத் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"நாங்க சொன்னோம்னு சொல்லிராத. சிரிப்பாங்க," என்று அம்மா வழியனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை இருபது நிமிடத்துக்குப் பேசப் போய் முப்பத்தைந்து நிமிடம் பேசினேன். விரிவுரையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"ஓம், நிமித்தித்தான் வைச்சிருக்கினம். ஆர் பிள்ளை இதைக் கண்டுபிடிச்சது?"

நான்தான் என்று வாய்வரை வந்துவிட்டது. இரண்டு விநாடி எனக்கும் என் பெருமைக்கும் சண்டை.

"அம்மாவும் சித்தியும், சேர். கொழுந்து எடுக்குறாங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. "தலைப்பு உமக்குத்தான்," என்றார் விரிவுரையாளர். "ஆனா ஒரு வீட்டுக் கதை ஆராய்ச்சிக்குப் போதாது. இன்னும் ஆக்களிட்டக் கேளும்."

இதை ஹட்டனில் நிற்கும் அக்கரப்பத்தனை பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேம்பஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிய புரொஜெக்டர் மடியில் இருக்கிறது. எங்கள் லயத்துப் பெண்களுக்குத்தான் படம் போடுவதாக இருந்தேன். ஆனால் சித்தி முடிவையும் அதற்கான விளக்கத்தையும் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். ஆகவே தோட்டத்தின் பக்கத்து டிவிசனில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவைப் பேசி வாங்கிவிட்டேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு அங்கே படம். சித்திக்கு இன்னும் சொல்லவில்லை.