இரண்டாம் உரிமையாளரின் நிபந்தனை

பழைய மகிழுந்துகளின் கண்காட்சி ஒன்றில் அண்மையில் என் வண்டியும் நிறுத்தப்பட்டிருந்தது. அருகில் வைத்த குறிப்பு, வெள்ளைக்காரத் தோட்ட நிருவாகி ஒருவரை முதல் உரிமையாளராகவும் என்னை அடுத்தவனாகவும் கூறிற்று. இடையில் நெடுங்காலம் அதனை வைத்திருந்த, பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் வாழ்ந்த பெரியவர் விடுபட்டிருந்தார். அவரின்றி அவ்வண்டிக்கு வரலாறு இல்லை. ஆதலின் இதனை எழுதுகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தார், இரயில்வேயில் அலுவல் பார்த்து ஓய்வுபெற்றவர். எழுபதுகளின் இறுதியில் வண்டியை எனக்கு விற்றபோது ஒரேயொரு நிபந்தனை விதித்தார்.

"தம்பி, திருத்தி முடிச்சதும் கோயிலடி மட்டும் ஒருக்கா நான்தான் ஓடுவன். சம்மதமோ?"

அவர் வீட்டிலிருந்து கோயில்வரை ஒருமுறை அவரே ஓட்டுவதற்குச் சம்மதித்தேன். வண்டியைக் கிள்ளானில் ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். அடித்தகடு துருவேறி உதிர்ந்தது. உதிரிப் பாகங்கள் கப்பலில் வரவேண்டியிருந்தன. வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதற்குள் அவருடைய கண்பார்வை மங்கிவிட்டது, மருத்துவரும் கைவிரித்துவிட்டார்.

வண்டி ஆயத்தமானதை எப்படியோ அறிந்து தொலைபேசியில் அழைத்தார்.

"எப்ப கொண்டு வாறீர்?"

கொடுத்த சொல்லை மீற மனமில்லை. அவர் கையில் சாவியைக் கொடுக்கத் துணிவுமில்லை. உறக்கம் கெட்டது. பட்டறைக்காரரிடம் என் அச்சத்தைச் சொன்னேன்.

"பிரேக் எல்லாம் புதுசு லா, சார். காருக்கு நான் கேரண்டி. ஓட்டுற ஐயாவுக்கு நான் எப்படி கேரண்டி கொடுக்கிறது?"

முடிவில், ஒரு ஞாயிறு காலை வண்டியைக் கொண்டுசென்றேன்; தேய்த்த வெண்ணிறக் காற்சட்டையுடன் பெரியவர் தம் வீட்டு வாயிலில் காத்திருந்தார். மனைவியார் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். நான் முன்னே பெரியவர் அருகில் அமர்ந்து கைத்தடையின்மேல் கையை வைத்தேன்.

"கையை எடும். கார் உம்மடைதான், இப்ப சாரதி நான்."

வண்டி நகர்ந்தது. கியர் மாற்றிய விதத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆயினும் என் கலக்கம் சிறிதும் குறையவில்லை. சந்தியை நெருங்கினோம்.

"சிவப்பு. நில்லுங்கோ," என்றார் மனைவியார்.

"எனக்குத் தெரியுது."

"தெரிஞ்சா ஏன் இன்னும் காலை எடுக்கேல்லை?"

வண்டி நின்றது. ஒரு லோரி ஒலியெழுப்பியவாறு குறுக்கே பாய்ந்து சென்றது. அதன்பின் வளைவு, மிதிவண்டி, பள்ளம் என ஒவ்வொன்றையும் அவ்வம்மையார் சொல்லிக்கொண்டே வந்தார். கணவர் மறுத்துக்கொண்டே அவ்வாறே ஓட்டினார். இஃது அவ்விருவருக்கும் புதிய பழக்கமன்று என்பது விளங்க விளங்க என் நடுக்கம் கூடிற்று.

கோயில் மதிலோரம் இயந்திரத்தை அணைத்தவர், திசைமாற்றியைப் பிடித்தபடியே என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்த லோரியை நான் காணேல்லை. சத்தம்தான் கேட்டது. திரும்பிப் போகேக்க நீர் ஓடும்."

"நான் எத்தினை தரம் சொன்னனான், கேட்டாத்தானே!" என்றார் மனைவியார்.

சாவியை என் கையில் வைத்துவிட்டு, மனைவியாரின் தோளைப் பற்றிப் பெரியவர் இறங்கினார். நானும் இறங்கிக் கதவுகளைப் பூட்டினேன்.

வண்டியை அவர் நிருவாகியிடம் நேரே வாங்கினாரா, அம்பாங்கில் இருந்த வணிகர் ஒருவர் வழியாகப் பெற்றாரா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அவருடைய உறவினரோ அவர் குடியிருந்த தெருவில் வாழ்ந்தோரோ இதனைப் படிக்க நேர்ந்தால், இதிலும் பிற செய்திகளிலும் காணும் பிழைகளைத் திருத்தித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.