நானே சொன்ன இரண்டு ராஜா

கோரிப்பாளையத்தில் பிரவுசிங் சென்டர்கள் வந்த புதிதில், இணையத்தில் இலவசமாகப் போக்கர் சீட்டாட்டம் ஆடக் கற்று, முகம் தெரியாத பலரைத் தோற்கடித்தேன். வரும் சீட்டை எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்தபடி ஆடுவேன். பக்கத்தில் யாருக்கும் புரியாது. எங்கோ இருக்கும் எதிராளிகளுக்குக் கேட்கவே கேட்காது.

ஓர் உறவுக் கல்யாணத்தில், சாப்பாட்டுக்குப் பின் கொழுந்தனார்கள் மூவரும் போக்கர் ஆட உட்கார்ந்தார்கள். தாம்பூலப் பையிலிருந்த பாக்குப் பொட்டலங்கள்தான் பந்தயம்.

"நானும் வாரேன்" என்று பெருமையாக உட்கார்ந்தேன். எனக்கு நல்ல சீட்டு வந்தால் மூவரும் விலகினார்கள்; மோசமான சீட்டு வந்தால் பந்தயத்தை ஏற்றினார்கள். என் பொட்டலங்கள் கரைந்தன. சின்னவர் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. இங்கே எல்லோருக்கும் என் மொழி தெரியும்!

காட்டிக்கொள்ளவில்லை. அடுத்து வந்தது ஒன்றுக்கும் உதவாத சீட்டு. "இரண்டு ராஜா" என்று வழக்கம்போல் முணுமுணுத்து, மிச்சப் பொட்டலங்கள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். மூவரும் சீட்டைக் கவிழ்த்து விலகினார்கள். குவிந்திருந்த பாக்கெல்லாம் எனக்கு!

என் சீட்டை விரித்துக் காட்டியதும் சின்னவர் பதறினார். "மதினி, ரெண்டு ராஜான்னு சொன்னீங்களே?"

"உங்ககிட்டயா சொன்னேன்?" என்றேன்.

இன்றும் முணுமுணுத்தபடிதான் ஆடுகிறேன். கையில் இருக்கும் சீட்டை மட்டும் சொல்வதில்லை.