வவுனியாவில் ஒரு சட்டி சீஸ்

2024 நவம்பர் 9, சனிக்கிழமை, மாலை ஆறு மணி நாற்பது. குடை விரிப்பதா வேண்டாமா என்று யோசிக்க வைக்கும் தூறல். நாங்கள் ஆறு பேர் வவுனியாவில் புதிதாகத் திறந்த உணவகத்துக்குள் போனோம்.

என் ஒரே மகளுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் விரும்பிய பையனின் பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து, வவுனியாவுக்கு வெளியே காடு வெட்டி வயல் செய்தவர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் குடியேற்றத்திட்டக் காணி பெற்றவர்கள். இரண்டு குடும்பமும் வேறிடத்திலிருந்து வந்ததுதான். என் அக்கா அப்படிப் பார்ப்பதில்லை. அவர் சம்மதிக்காவிட்டால் எங்கள் சொந்தத்தில் ஒருவரும் கலியாணத்துக்கு வரமாட்டார்கள். பையன் வீட்டில் அவர் தண்ணீரும் குடிக்கமாட்டார். கடை என்றால் யார் சமைத்தது என்று எவரும் கேட்பதில்லை, ஆளுக்கொரு கோப்பை. அதனால் பேச்சைக் கடையில் வைப்போம் என்றேன். எந்தக் கடை என்பதை மகளிடம் விட்டேன்.

சுவிசிலிருந்து திரும்பிய ஒருவர் நடத்தும் கடை அது. மேசை நடுவில் சிறிய அடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி உருகிய சீஸ், நீளமான முட்கரண்டிகள் ஆறு. பாண் துண்டைக் குத்தி, சட்டியில் தோய்த்து, வாயில் வைத்துவிட்டு, அதே கரண்டியை மறுபடியும் சட்டிக்குள் விட வேண்டுமாம். ஃபொண்டூ என்று பெயர்.

"எல்லாரும் ஒரே சட்டியிலயோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அம்மா, அதுதான் இதின்ர விசேஷம்," என்றார் பரிமாற வந்தவர்.

பையனின் தாய் முதலில் தோய்த்துச் சாப்பிட்டார். "கொஞ்சம் புளிக்குதுங்க. ஆனா நல்லாத்தான் இருக்கு."

அக்கா தன் கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு இண்டைக்குச் சனி விரதம். நீங்கள் சாப்பிடுங்கோ."

மத்தியானம் என் வீட்டில் மூன்று துண்டு மீன் சாப்பிட்டவர்.

"மாமி, அந்தப் பாரை விரத மீனோ?" என்றாள் மகள்.

"வயசுபோன ஆள், மறந்துபோனன் பிள்ளை."

பையனின் தகப்பனுக்கு விளங்கிவிட்டது. "அக்காவுக்கு மரக்கறிச் சோறு சொல்லுங்க ஐயா. பெரியவங்க பசியோட இருக்கக்கூடாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் கரண்டியையும் வைத்தார்.

வந்த சோற்றை அக்கா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் நான்கு பாண் துண்டுகள் தின்றேன். மகள் பதினொன்று தின்றாள், பசியால் அல்ல. பையன் அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான். சட்டியில் பாதிக்கு மேல் மிஞ்சி, ஆறி, ரப்பர் மாதிரி இறுகியது.

வாசலில் பையனின் தகப்பன் கேட்டார்: "இந்தக் கலியாணத்துல உங்களுக்குச் சம்மதங்களா ஐயா?"

"எனக்குச் சம்மதம்."

"உங்களுக்கு மட்டுமா?"

அக்கா அதற்குள் நாங்கள் வந்த வாடகை வானில் ஏறிவிட்டார். நான் மழையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

மறுநாள் காலை மகள் குசினியிலிருந்து வந்து என் முன் நின்றாள். "அப்பா, மண்டபம் வேண்டாம். பதிவு மட்டும் எழுதப்போறம். வாறதெண்டால் நீங்கள் வாங்கோ. மாமியைக் கேட்டுத்தான் வருவியள் எண்டால் வரவேண்டாம்."

வருகிறேன் என்றேன். அக்காவிடம் அதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நான் முந்தியே பேசி வைத்த மண்டபக்காரர் முற்பணத்தைத் திருப்பித் தரமாட்டாராம், அது ஐம்பதாயிரம். சாப்பாடு இருபத்தெட்டாயிரத்து அறுநூறு, வான் பன்னிரண்டாயிரம். எல்லாமாக 90,600 ரூபாய்.